போஸ்ட்டாக் எங்க போறது? நாடு அப்புறம், காசு யார் பேர்ல வருதுன்னு முதல்ல பாருங்க

கொரியாவா, ஜெர்மனியா, அமெரிக்காவா, இல்ல இங்கயே என்பிடிஎஃப்னு நம்ம மத்திய அரசு குடுக்குற ஃபெல்லோஷிப்பைப் போட்டுட்டு இருந்துரலாமா? பிஎச்டி தீசிஸ் சப்மிட் பண்ணிட்டு வைவாங்கற கடைசி வாய்மொழித் தேர்வுக்கு காத்திருக்குற ஜூனியருங்க, போஸ்ட்டாக்குன்னு பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலையைப் பத்தி கேக்குறது பெரும்பாலும் இதைத்தான். எல்லாரும் நாடு நாடாத்தான் கேப்பாங்க, அடுத்த கேள்வி சம்பளம் எவ்வளவுன்னு இருக்கும். ரெண்டுமே தேவையான கேள்விதான், தப்பு சொல்லல, ஆனா இந்த ரெண்டையும் விட முக்கியமா ஒண்ணு இருக்கு, அதை யாருமே கேக்குறதில்ல. அந்த சம்பளக் காசு யார் பேர்ல சாங்ஷன் ஆகியிருக்கு, உங்க பேர்லயா, ப்ரொஃபசர் பேர்லயா?

போஸ்ட்டாக்ல எந்த நாடா இருந்தாலும் அடிப்படையில ரெண்டே வகைதான். ஒண்ணு, ப்ரொஃபசர் ஏற்கனவே வாங்கி வெச்சிருக்குற ப்ராஜெக்ட்ல உங்களை வேலைக்கு எடுக்குறது. இன்னொண்ணு, நீங்களே ப்ரொபோசல் எழுதி, உங்க பேர்ல ஃபெல்லோஷிப் வாங்கி, அவரு லேப்ல போய் உக்காருறது. முதல் வகை சீக்கிரம் கிடைக்கும், மெயில் போட்டு, ஒரு ஆன்லைன் இன்டர்வியூ முடிச்சு, ரெண்டு மூணு மாசத்துல விசா கைக்கு வந்துரும். ஆனா டாபிக் அவரோடது, ப்ராஜெக்ட் முடியுற தேதிதான் உங்க தேதி, கரெஸ்பாண்டிங் ஆத்தர், அதாவது பேப்பருக்கு பொறுப்பேத்துக்குற ஆளுங்கற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்ல, கிளம்பும்போது அந்த வேலைல ஒரு துண்டைக் கூட "இது என்னோட லைன்"னு எடுத்துட்டு போறது கஷ்டம். ரெண்டாவது வகைக்கு எழுத ஆரம்பிச்சதுல இருந்து சேருறதுக்குள்ள ஒரு வருஷம் போயிரும், பத்து பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான் கிடைக்கும், ஆனா கிடைச்சா லேப்ல உங்க மரியாதையே வேற, பின்னாடி ஃபேக்கல்டி இன்டர்வியூல "சொந்தமா ஃபண்டிங் வாங்கியிருக்கீங்களா"னு கேட்டா பதில் ரெடியா இருக்கும்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு இடமா பாப்போம். நான் மெட்டீரியல்ஸ் ஆளு, அதனால உதாரணமெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கமா சாயும், பயோ பசங்களும் மெக்கானிக்கல் பசங்களும் அவங்க ஃபீல்டுக்கு ஏத்த மாதிரி மாத்திப் படிச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல இருந்தே தொடங்கலாம். என்பிடிஎஃப் முன்னாடி செர்ப்ங்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிதி வாரியம் குடுத்தது, இப்போ 2023-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் செர்ப்பே அனுசந்தான் ஏஎன்ஆர்எஃப்ங்கற புது தேசிய அமைப்புக்குள்ள போயிருச்சு. 2 வருஷம், மாசம் 80,000 ரூபா மொத்தமா, ஆராய்ச்சி செலவுக்கு வருஷம் 2 லட்சம், வயசு 35-க்குள்ள இருக்கணும், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 வருஷம் தளர்வு. தீசிஸ் குடுத்துட்டு டிகிரிக்கு காத்திருக்குறவங்களும் போடலாம், டிகிரி வர்ற வரைக்கும் தொகை குறைவு, அவ்வளவுதான். இதுக்கு மாற்றா ஆர்ஏ, அதாவது ஒரு ப்ராஜெக்ட்ல ரிசர்ச் அசோசியேட் வேலை இருக்கு. 2023 ஜூன்ல மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டி ரேட்டை ஏத்தினதுக்கு அப்புறம் ஆர்ஏ-1 க்கு 58,000, ஆர்ஏ-2 க்கு 61,000, ஆர்ஏ-3 க்கு 67,000, கூட ஹெச்ஆர்ஏங்கற வீட்டு வாடகைப்படி. சென்னை பெங்களூர்ல ஹெச்ஆர்ஏ சேர்த்துப் பாத்தா என்பிடிஎஃப்-க்கும் ஆர்ஏவுக்கும் கையில வர்றதுல பெரிய வித்தியாசம் இல்லையே, எதுக்கு மெனக்கெடணும்னு தோணும். இங்கதான் முதல்ல சொன்னது வருது, ஆர்ஏன்னா ப்ராஜெக்ட்ல ஒரு கை, என்பிடிஎஃப்ன்னா அந்த வருஷம் 2 லட்சத்துக்கு என்ன கெமிக்கல் வாங்கறதுன்னு முடிவு பண்றது நீங்க. தொகை சின்னதுதான், ஆனா பொருள் வாங்க இன்டெண்ட் போட்டு, கொட்டேஷன் வாங்கி, காசு எப்படி செலவாச்சுன்னு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் எழுதிப் பழகுறது அப்போதான், பின்னாடி ஃபேக்கல்டி ஆனா முதல் நாள்ல இருந்தே தேவைப்படுற வித்தை அது.

இதுல ஒரு தொல்லை உண்டு, ஒளிச்சு வெச்சு புண்ணியமில்ல. இந்தியால எந்த ஸ்கீமா இருந்தாலும் காசு மாசாமாசம் டைமுக்கு வரும்னு நம்பி வீட்டு வாடகைக்கு கமிட் ஆகாதீங்க. ரெண்டாவது வருஷத் தவணை மாசக்கணக்குல தள்ளிப்போனதை நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன், அந்த நேரத்துல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல "ஃபண்டு வந்தா போட்டுருவோம் சார்"ங்கற ஒரே பதில்தான் வரும். ஆறு மாசச் செலவை கையில வெச்சுட்டு சேருங்க, கல்யாணம் ஆனவங்கன்னா இன்னும் ஜாஸ்தி.

ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடங்கள்ல அவங்களே குடுக்குற இன்ஸ்டிடியூட் போஸ்ட்டாக் இருக்கு, ஐஐஎஸ்சில சி.வி. ராமன் பேர்ல ஒண்ணு இருக்கு. தியரி, மேத்ஸ் ஆளுங்களுக்கு தரமணி மேட்சயன்ஸ், சிறுசேரி சிஎம்ஐ, பெங்களூர் ஐசிடிஎஸ்னு இருக்குற ஆராய்ச்சி நிறுவனமெல்லாம் உண்மையிலயே வெளிநாட்டுக்கு சமமான சூழல், அங்க இடம் கிடைச்சா ஃபாரின் ஃபாரின்னு தவிக்க வேண்டியதே இல்ல. எக்ஸ்பெரிமென்ட் ஆளுங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது, மெஷின் ரிப்பேர் ஆனா ஸ்பேர் பார்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

ஊர்லயே இருந்துடலாம்னு இன்னொரு யோசனையும் வரும், அரசுக் கல்லூரில கௌரவ விரிவுரையாளரா சேந்துக்கிட்டு டிஆர்பிக்கு படிக்குறது. மாசம் 25,000 ரூபா, பிஎச்டி முடிச்சவங்களுக்கு. குடும்ப நிலைமையால அதை எடுக்குறவங்களை நான் எதுவும் சொல்ல மாட்டேன், டீச்சிங்தான் பிடிக்கும்னாலும் சரிதான். ஆனா ரிசர்ச்சும் பண்ணலாம், டிஆர்பியும் எழுதலாம், அப்புறமா வெளிநாடும் போகலாம்னு மூணையும் சேத்துப் போட்டா மூணும் அரைகுறையா நிக்கும், ஏன்னா வெளிய பல ஃபெல்லோஷிப்பும் பிஎச்டி தேதில இருந்துதான் வருஷம் எண்ணுது, அந்த மீட்டர் நிக்காது.

கொரியா. தமிழ்நாட்டு ஸ்டேட் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், நானோ பண்ணினவங்களுக்கு இதுதான் பழகின பாதை, ஏற்கனவே போன சீனியர் ப்ரொஃபசர்கிட்ட சொல்லி, அவரு "உங்க மாதிரி இன்னொருத்தர் இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டு, அப்படியே ஒரு சங்கிலி ஓடிட்டு இருக்கு. பேட்டரி, சூப்பர்கெபாசிட்டர், சோலார் செல், கேட்டலிசிஸ் எல்லாம் அங்க காசு கொழிக்கிற ஃபீல்டு. சம்பளம் லேப் பொறுத்து மாசம் 30 லட்சம் வான்ல இருந்து 40 லட்சம் வான் வரைக்கும், ரூபாயில ரெண்டு லட்சம் சுத்தி வரும். ஆஃபர் வந்தா ரெண்டு விஷயம் கேளுங்க. அங்க ஒரு வருஷம் வேலை முடிச்சா சுமார் ஒரு மாசச் சம்பளம் பணிக்கொடையா சட்டப்படி வரணும், ப்ரொஃபசர் சொல்ற தொகை அதைச் சேத்தா, சேக்காமயான்னு கேளுங்க. அப்புறம் காண்ட்ராக்ட் 12 மாசமா, 11 மாசமான்னு பாருங்க, 11-ன்னு போட்டிருந்தா அந்த பணிக்கொடை கிடையாது, அதுக்காகத்தான் சில இடத்துல அப்படிப் போடுறாங்க. பேப்பர் நிறைய வரும், லேப்ல சனிக்கிழமையும் ஆள் இருக்கும், எழுதற வேகம் கூடும். கிட்டத்தட்ட எல்லாமே முதல் வகை, ப்ராஜெக்ட் காசு. என் கணக்குல அங்க ஒரு ரவுண்டு, ரெண்டு வருஷம், நல்ல ஏற்பாடு. அதே ஊர்ல லேப் மாத்தி லேப் மூணாவது ரவுண்டு போறவங்களைப் பாக்கும்போதுதான் கவலையா இருக்கும், 40 பேப்பர் இருக்கும், "உங்க ஐடியா எது"ன்னு கேட்டா சொல்ல ஒண்ணு இருக்காது. தைவானும் ஏறக்குறைய இதே கதைதான், சம்பளம் கொஞ்சம் குறைவு, வாழ்க்கை கொஞ்சம் ஈஸி.

ஜப்பானுக்கு ஜேஎஸ்பிஎஸ், அந்த நாட்டு அரசு சார்ந்த ஃபெல்லோஷிப். இது ரெண்டாவது வகை, ஆனா அப்ளிகேஷனை ஹோஸ்ட் ப்ரொஃபசர் போடணும், அதனால அவரு சம்மதம் இல்லாம ஒண்ணும் நடக்காது. 12-ல இருந்து 24 மாசம், மாசம் 3,62,000 யென், பிஎச்டி முடிச்சு 6 வருஷத்துக்குள்ள இருக்கணும், போக வர டிக்கெட் தனி, போய் செட்டில் ஆக 2,00,000 யென். யென் விழுந்துட்டதால ரூபாயில முன்ன மாதிரி இல்ல, ஊருக்கு அனுப்புறதுக்காக போறவங்க இதை யோசிக்கணும், அங்கயே செலவு பண்றவங்களுக்கு தாராளமா போதும், டோக்கியோவை விட்டு செண்டாய், ட்சுகுபா மாதிரி ஊர்ல இருந்தா மிச்சமே பிடிக்கலாம். ட்சுகுபால நிம்ஸ்னு மெட்டீரியல்ஸ் இன்ஸ்டிடியூட் இருக்கு, அங்க ஐசிஒய்எஸ்னு இளம் விஞ்ஞானிகளுக்கு தனியா ஒரு ஏற்பாடு, சொந்த டாபிக்ல வேலை பாக்கலாம். மெட்டீரியல்ஸ் பசங்க ஹார்வர்டுக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

இப்போ ஜெர்மனி. இங்க ரெண்டு வகையும் ஒரே ஊர்ல பக்கத்து பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கும், அதனால ஒப்பிட்டுப் பாக்க இதை விட நல்ல இடம் இல்ல.

ப்ராஜெக்ட்ல எடுத்தா உங்களுக்கு டிவி-எல் இ13ங்கற அரசு ஊதிய விகிதத்துல காண்ட்ராக்ட். பிடித்தத்துக்கு முன்னாடி மாசம் 4,700 யூரோவுக்கு மேலதான் ஆரம்பமே. முதல் மாசம் சம்பள ஸ்லிப்பு வந்ததும் கொஞ்சம் வயித்தெரிச்சலா இருக்கும், வருமான வரி ஒரு பக்கம் போகும், பென்ஷனுக்கு 9.3 சதவீதம், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 8 சதவீதத்துக்கு மேல, வேலையில்லாக் கால இன்சூரன்ஸ் 1.3, முதியோர் பராமரிப்புக்குன்னு ஒண்ணு, குழந்தை இல்லாதவங்களுக்கு அதுல எக்ஸ்ட்ரா, இதெல்லாம் போக தனி ஆளுக்கு 2,800-ல இருந்து 3,000 யூரோ கிட்ட கையில நிக்கும். ஆனா அந்த பிடித்தமெல்லாம் எங்கயும் காணாம போகல. காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்காம நின்னா, கடைசி 30 மாசத்துல 12 மாசம் கட்டியிருந்தா வேலையில்லாக் கால உதவித்தொகை கேக்கலாம். 5 வருஷம் ஆகுறதுக்குள்ள மொத்தமா ஊருக்கு வந்துட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு பென்ஷன்ல நம்ம பங்கை திருப்பி வாங்கலாம், அது ஒரு நல்ல தொகை.

ஹும்போல்ட் ஃபெல்லோஷிப் வாங்கினா பேரு பெருசு, உங்க பேர்ல காசு, வரி கிடையாது, வருஷம் பூரா எப்ப வேணா அப்ளை பண்ணலாம், 6 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும். நாட்டுக்கு இவ்வளவு, சப்ஜெக்டுக்கு இவ்வளவுன்னு கோட்டாவும் இல்ல. வாழ்நாள் முழுக்க ஹும்போல்ட் ஆளுதான், பல வருஷம் கழிச்சு ஃபேக்கல்டி ஆனப்புறம் கூட மறுபடி போய் ஆராய்ச்சி பண்ண காசு குடுப்பாங்க. ஆனா நீங்க எம்ப்ளாயி கிடையாது. பென்ஷன் ஏறாது, வேலையில்லாக் கால இன்சூரன்ஸ் இல்ல. கையில வர்ற காசு ஏறக்குறைய இ13-ல பிடித்தம் போக வர்றதுக்கு பக்கத்துலதான் இருக்கும், வித்தியாசம் ஸ்லிப்புல தெரியாது, கடைசி மாசம் முடிஞ்ச மறுநாள்தான் தெரியும். அப்போ எது? இந்தியா திரும்பி ஃபேக்கல்டி ஆகணும்னா கண்ணை மூடிட்டு ஹும்போல்ட். ஜெர்மனிலயே தங்கணும், ஏதாவது கம்பெனிக்கு மாறணும்னா இ13 தான் கெட்டி, அந்த சோஷியல் இன்சூரன்ஸ் மாசங்கள் பிஆர்ங்கற நிரந்தர வசிப்பு அனுமதிக்கும் கணக்குல வரும். அங்க யுனிவர்சிட்டிலயே நிரந்தரமா இருக்கலாம்னு மட்டும் கனவு வேண்டாம், பிஎச்டிக்கு அப்புறம் டெம்பரரி காண்ட்ராக்ட்டுக்கு பொதுவா 6 வருஷம்தான்னு சட்டமே இருக்கு, 2021-ல அதை எதிர்த்து ஜெர்மன்காரங்களே "நான்தான் ஹன்னா"ன்னு ஹேஷ்டேக் போட்டு கொந்தளிச்சாங்க.

இ13-ல சேரும்போது ஒரு விஷயத்தை விட்டுடாதீங்க. அதுல அனுபவத்துக்கு ஏத்த படி இருக்கு, ஒரு வருஷ அனுபவம் காட்டினா ரெண்டாவது படி, மூணு வருஷம்னா மூணாவது படி. நம்ம பிஎச்டி பண்ணும்போது ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப்னு உதவித்தொகை வாங்கின வருஷங்களை வேலை அனுபவமா எடுக்கலாமா இல்ல வெறும் ஸ்டூடண்ட் ஸ்டைபண்டான்னு அங்க இருக்குற எச்ஆர் ஆபீஸ்தான் முடிவு பண்ணும். கைடு கிட்ட இருந்தும் ரிஜிஸ்ட்ரார் கிட்ட இருந்தும் "ப்ராஜெக்ட் ஃபெல்லோவாக முழுநேரம் பணிபுரிந்தார்"னு தேதியோட லெட்டர் வாங்கி வெச்சுட்டு, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி குடுங்க. போட்டப்புறம் குடுத்தா எடுபடறது கஷ்டம்.

யூரோப் பூரா சேத்து மேரி க்யூரி ஃபெல்லோஷிப் இருக்கு. ஆசைப்படாதவங்க கிடையாது, அதனாலதான் இப்போ அது லாட்டரி மாதிரி ஆயிட்டு வருது. 2024-ல 10,360 அப்ளிகேஷன், 1,696 பேருக்கு கிடைச்சுது. 2025-ல அப்ளிகேஷன் 17,058-க்கு எகிறிருச்சு, அமெரிக்கால ஃபண்டிங் ஆட்டம் காண ஆரம்பிச்சதும் அதுக்கு ஒரு காரணம்னு நினைக்குறேன். அந்த வருஷ கணக்குப்படி மாசம் 5,990 யூரோ அலவன்ஸ், நாட்டு விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூடும் குறையும், இதைப் பாத்துட்டு வாயப் பொளக்காதீங்க, எம்ப்ளாயர் கட்ட வேண்டிய பங்கும் அதுக்குள்ளதான், உங்க வரியும் அதுல இருந்துதான். இருந்தாலும் சாதாரண போஸ்ட்டாக்கை விட நல்லாவே இருக்கும், அதோட எம்ப்ளாயி காண்ட்ராக்ட், சோஷியல் செக்யூரிட்டியோட. உங்க பேர்ல காசு, வேலைக்கான பாதுகாப்பு, ரெண்டும் சேந்து வர்ற அபூர்வமான கேஸ் இதுதான்.

டெட்லைன் செப்டம்பர் ரெண்டாவது வாரம் சுமாருக்கு வரும். அதுக்குள்ள வைவா முடிஞ்சிருக்கணும், பிஎச்டிக்கு அப்புறம் ரிசர்ச் அனுபவம் 8 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி ரூல்ல பல பேர் அடிவாங்குறாங்க, ஏற்கனவே ஜெர்மனில இ13-ல ஒன்றரை வருஷம் இருந்துட்டு அதே லேப்புக்கு மேரி க்யூரி போடலாம்னு வர்றாங்க, முடியாது, பக்கத்துல பெல்ஜியமோ ஆஸ்திரியாவோ பாக்கணும். ப்ரொபோசல் மெயின் பகுதி 10 பக்கம், மார்க்கு சயின்ஸுக்கு பாதிதான், இம்பாக்ட்டுக்கு 30 சதவீதம், ப்ளானிங்குக்கு 20. நம்ம பசங்க எட்டு பக்கம் சயின்ஸை கொட்டிட்டு மிச்ச ரெண்டையும் கடைசி ராத்திரி ரொப்புவாங்க. அங்கதான் போகும். இந்த லேப்ல போய் நீங்க என்ன புதுசா கத்துக்குவீங்க, அவங்களுக்கு நீங்க என்ன கத்துக் குடுப்பீங்கன்னு ஒரு இடம் வரும், அதுல "எக்ஸ்ஆர்டி, எஸ்ஈஎம் ட்ரெய்னிங்"னு எழுதாதீங்க, மெட்டீரியலை சோதிக்குற அந்த மெஷினெல்லாம் ஏற்கனவே தெரிஞ்சிருக்க வேண்டியது. சிங்க்ரோட்ரான்ங்கற பெரிய எக்ஸ்-ரே மையத்துல பீம்டைம், அதாவது மெஷின் நேரம் கேட்டு ப்ரொபோசல் எழுதறது, டேட்டா எடுத்துட்டு இருக்கும்போதே அனலைஸ் பண்றதுன்னு அந்த லேப்ல மட்டும் கிடைக்குற ஒண்ணா இருக்கணும். மார்க்கு ஒரு அளவுக்கு கீழ போனா அடுத்த வருஷம் அதே ஹோஸ்ட்டோட போட முடியாது, அதனால சும்மா போட்டுப் பாப்போம்னு போடாதீங்க.

அமெரிக்கா இப்போ எழுதறதுக்கே தயக்கமா இருக்கு, இன்னைக்கு சொல்றது ஆறு மாசத்துல மாறிருது. முக்கியமானதை மட்டும் சொல்றேன். அங்க நம்ம ஆளுங்களுக்கு பெரும்பாலும் முதல் வகைதான், ப்ராஜெக்ட் காசு. என்ஐஹெச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட ட்ரெய்னி ஸ்டைபண்ட் நமக்கு கிடையாது, அது சிட்டிசனுக்கும் க்ரீன்கார்டு ஆளுக்கும்தான், ஆனா அந்த ரேட்டை நிறைய யுனிவர்சிட்டி அடிமட்டமா வெச்சிருக்காங்க, 2025 நிதியாண்டுக்கு முதல் வருஷம் 62,232 டாலர். பாஸ்டன்லயோ பே ஏரியாலயோ அது இழுபறி, ஊர் சைஸ் சின்னதா இருக்குற மிட்வெஸ்ட் யுனிவர்சிட்டி டவுன்ல ராஜ வாழ்க்கை. ஆராய்ச்சியாளருக்கான ஜே-1 விசாவுல 5 வருஷம் வரைக்கும் இருக்கலாம், மனைவியோ கணவரோ ஜே-2-ல வந்து வேலை பர்மிட் வாங்கலாம், அது பெரிய ப்ளஸ். முன்னாடி ரெண்டு வருஷம் ஊர்ல வந்து இருந்தே ஆகணும்ங்கற கண்டிஷன் நிறைய பேரை மடக்கிப் போட்டுச்சு, 2024 டிசம்பர்ல அந்தக் கண்டிஷன் எந்த நாட்டுக்குன்னு சொல்ற ஸ்கில்ஸ் லிஸ்ட்ல இருந்து இந்தியாவை எடுத்துட்டதால இப்போ அது பெரும்பாலானவங்களுக்கு இல்ல, அரசாங்கக் காசுல போனா மட்டும் உண்டு, ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப் வாங்குறவங்க இதை தெரிஞ்சுட்டு வாங்கணும். இன்னொரு கண்ணி, ஜே-1 ரிசர்ச் ஸ்காலரா போய் எட்டு மாசத்துல முடிச்சுட்டு வந்தீங்கன்னாலும் அடுத்த 24 மாசத்துக்கு அதே வகைல திரும்பப் போக முடியாது. சின்ன காண்ட்ராக்ட்டுக்கு அந்த விசாவை வீணாக்காதீங்க. ஹெச்-1பிங்கற வேலை விசாவுக்கு 2025 செப்டம்பர்ல வெளிய இருந்து வர்ற புது அப்ளிகேஷனுக்கு 1 லட்சம் டாலர்னு அறிவிச்சதுக்கு அப்புறம், நேரா அதுல கூப்பிடுறது யுனிவர்சிட்டிங்களுக்கு கஷ்டமாயிருச்சு.

இவ்வளவு இருந்தும் பயாலஜிக்கும், சில எஞ்சினியரிங் ஃபீல்டுக்கும் அமெரிக்க லேபோட வீச்சு வேற எங்கயும் இல்ல. கே99னு ஒரு கிராண்ட் இருக்கு, சிட்டிசன் இல்லாதவங்களும் போடலாம், போஸ்ட்டாக் ஆரம்பிச்சு 4 வருஷத்துக்குள்ள, கிடைச்சா ஃபேக்கல்டி ஆனப்புறமும் காசு கூடவே வரும். உங்க பேர்ல வர்ற காசுன்னா இதுதான். நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் கதையை நிறைய பேர் நோபல்ல இருந்துதான் படிக்குறாங்க, அதுக்கு முன்னாடி யேல்ல போஸ்ட்டாக் முடிச்சுட்டு ஐம்பது காலேஜ் கிட்ட அப்ளை பண்ணி ஒண்ணும் கிடைக்காம, நேஷனல் லேப்ல வேலைக்கு போனவரு அவரு. ஆனா யேல்ல கையில எடுத்த ரைபோசோமை, செல்லுல புரதம் செய்யுற அமைப்பை, விடல, 2009-ல பரிசு வந்ததும் அதுக்குத்தான். யேல்ல அவரோட பாஸா இருந்த பீட்டர் மூர் லேப்ல இருந்து அந்த ப்ராப்ளத்தை வெளிய எடுத்துட்டு வர முடிஞ்சுது பாருங்க, லேப் செலக்ட் பண்ணும்போது நீங்க பாஸ் கிட்ட கேக்க வேண்டியதும் அதுதான்: போகும்போது எதை நான் எடுத்துட்டு போகலாம்? நல்ல ஆளுங்க யோசிக்காம பதில் சொல்லுவாங்க. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்"னு சொன்னா அதுவும் பதில்தான்.

பிரிட்டன் சுருக்கமா. லேப் நல்லது, சம்பளம் சுமார், ஹெல்த் சர்சார்ஜ் பெரியவங்க ஒருத்தருக்கு வருஷம் 1,035 பவுண்டு, விசா காலம் முழுசுக்கும் முன்னாடியே கட்டணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், 3 வருஷம்னா 6,210 பவுண்டு, விசா ஃபீஸ் தனி. யுனிவர்சிட்டி திருப்பித் தருமான்னு ஆஃபர் ஸ்டேஜ்லயே கேளுங்க.

சிங்கப்பூர் நமக்கு வீடு மாதிரிதான், நாலு மணி நேரத்துல சென்னை, அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னா ராத்திரியே வந்துரலாம், லிட்டில் இந்தியா டெக்கா மார்க்கெட்ல காலையில இட்லி சாப்பிட்டு லேபுக்கு போகலாம். என்யுஎஸ், என்டியூன்னு ரெண்டு யுனிவர்சிட்டியுமே எஞ்சினியரிங்ல கனமான இடம். சிக்கல் குடும்பம்தான். மனைவி குழந்தையை கூட்டிட்டுப் போக உங்க நிலையான மாசச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்கணும், ஆஃபர் 5,800-னு வந்தா அந்த 200-க்காக தயங்காம பேசுங்க. கூட வர்றவங்க வேலை பாக்கணும்னா அவங்களுக்கு தனியா வொர்க் பாஸ் வேணும்.

கல்யாணம் ஆனவங்க இந்த வரிசையை ஒரு தடவை தனியா போட்டுப் பாருங்க. ஜெர்மனில கூட வர்றவங்க எந்த வேலையும் பாக்கலாம், அமெரிக்கால ஜே-2-ல பர்மிட் வாங்கிப் பாக்கலாம், ஜப்பான்ல அனுமதியோட வாரத்துக்கு 28 மணி நேரம்தான், கொரியால டிபெண்டன்ட் விசால பொதுவா வேலைக்கு போக முடியாது. ரெண்டு பேரும் பிஎச்டின்னா இந்த ஒரு வரியே பாதி முடிவை எடுத்துரும். பல வீட்டுல பொண்ணுங்கதான் தன் கேரியரை நிறுத்திட்டு கூட போறாங்க, அதைக் கணக்குலயே எடுக்காம "எனக்கு கொரியால 35 லட்சம் வான், ஜெர்மனில 2,900 யூரோ, எது லாபம்"னு கேக்குற தம்பிங்களுக்கு நான் பதில் சொல்றதே இல்ல.

சரி, என்கிட்ட வந்து கேட்டா எப்படி சொல்லுவேன்? 28, 29 வயசு, கல்யாணம் ஆகல, இந்தியால ஐஐடி, ஐசர் ஃபேக்கல்டிதான் குறின்னா, உடனே கிடைக்குற ப்ராஜெக்ட் போஸ்ட்டாக்ல சேருங்க, கொரியாவோ ஜெர்மனியோ எது வந்தாலும் சரி, சேந்த முதல் வருஷமே மேரி க்யூரி, ஹும்போல்ட், ஜேஎஸ்பிஎஸ் மூணுல ஒண்ணுக்கு எழுத ஆரம்பிச்சுருங்க. மேரி க்யூரி எழுதறதா இருந்தா இப்போ இருக்குற நாடும் எழுதப் போற நாடும் வேறயா இருக்கட்டும். நம்ம மத்திய அரசோட இன்ஸ்பயர் ஃபேக்கல்டி ஃபெல்லோஷிப்பையும் கண்ணுல வெச்சுக்கோங்க, 5 வருஷம், மாசம் 1,25,000, வருஷம் 7 லட்சம் ரிசர்ச்சுக்கு, ஆனா வயசு பொதுப்பிரிவுக்கு 32 வரைக்கும்தான், வெளிய ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்தா தாண்டிரும். தாண்டினா ராமானுஜன் ஃபெல்லோஷிப் இருக்கு, 40-க்குள்ள, வெளிநாட்டுல வேலை பாக்குறவங்களுக்கு, மாசம் 1,35,000.

33, 34 ஆயிருச்சு, ஒரு ரவுண்டு வெளிய முடிச்சாச்சுன்னா இன்னொரு ப்ராஜெக்ட் போஸ்ட்டாக் எடுக்காதீங்க, சம்பளம் ரெண்டு மடங்குன்னாலும். ஐஐடி அசிஸ்டென்ட் ப்ரொஃபசருக்கு 35-க்குள்ளன்னு விளம்பரத்துலயே எதிர்பார்ப்பாங்க. அந்த நிலைல ராமானுஜன் எழுதறது, இல்ல கம்பெனி ஆர் அண்ட் டி பாக்குறது, ரெண்டுல ஒண்ணு. பெங்களூர், ஹைதராபாத்ல ஆர் அண்ட் டி சென்டர்ல போஸ்ட்டாக் முடிச்ச எஞ்சினியரிங் ஆளை எடுக்கத்தான் செய்றாங்க, ஃபேக்கல்டி ஆகலன்னா வாழ்க்கை முடிஞ்சுதுன்னு நம்ம டிபார்ட்மெண்டுல பேசுறதை காதுல வாங்காதீங்க.

வெளிநாட்டுலயே செட்டில் ஆகணும்னா ஃபெல்லோஷிப் பெருமையை விட காண்ட்ராக்ட் முக்கியம், அதை ஜெர்மனி பாகத்துலயே சொல்லிட்டேன்.

மெயில் போடுறதை பத்தி கொஞ்சம். நூறு பேருக்கு ஒரே மெயில் போனா நூறு பேரும் டெலீட் பண்ணுவாங்க, "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் லேப்"னு தொடங்குறதை இன்னும் விட முடியலையா நமக்கு? சப்ஜெக்ட் லைன்ல ஃபெல்லோஷிப் பேரும் வருஷமும் போடுங்க, முதல் வரில அவங்களோட சமீபத்து பேப்பர்ல எந்த இடம் பாதியில நிக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்களோ அதைச் சொல்லுங்க, ரெண்டாவது வரில அதை முடிக்க உங்க கையில என்ன டெக்னிக் இருக்குன்னு சொல்லுங்க, நாலாவது வரில மெயில் முடிஞ்சிரணும். "உங்க காசுல எடுங்க"ன்னு கேக்குறதுக்கும் "நான் காசு கொண்டு வர எழுதப்போறேன், ஹோஸ்ட்டா இருப்பீங்களா"ன்னு கேக்குறதுக்கும் பதில் வர்ற விதமே வேற. மேரி க்யூரிக்கு செப்டம்பர்னா மார்ச், ஏப்ரல்ல இந்த மெயில் போயிரணும், ஜூலைல யூரோப் பூரா லீவுல இருக்கும், ஆகஸ்ட்ல ஆள் கிடைச்சாலும் ப்ரொபோசல் படிக்க நேரம் இருக்காது.

ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் வீட்டுல ஸ்வீட் குடுக்குறதுக்கு முன்னாடி மூணு இடத்தை விரல் வெச்சுப் படிங்க: காண்ட்ராக்ட் முடியுற தேதி, ப்ராஜெக்ட்டோட பேரும் அதோட முடிவு தேதியும், நீட்டிப்புன்னு எழுதியிருந்தா "ஃபண்டிங் இருந்தால்"ங்கற வார்த்தை பக்கத்துல இருக்கான்னு. ப்ராஜெக்ட் முடியுற தேதி லெட்டர்ல இல்லன்னா மெயில் போட்டு கேளுங்க, அதை கேக்குறதால யாரும் ஆஃபரை திரும்ப எடுத்துக்க மாட்டாங்க.